எருவும் இனிமையும்

மலாக்கா பட்டணத்துப் பெரிய கடைகளில் இந்நாளில் ஒரே இனத்துப் பப்பாளி இரண்டு அடுக்குகளில் வைத்து விற்கப்படுவதை வாசகர் பலரும் கண்டிருப்பர். ஓர் அடுக்கில் உள்ளதற்குச் சீட்டு ஒன்றும் இல்லை. மற்றதற்கு ‘ஆர்கானிக்’ என்னும் பச்சைச் சீட்டு உண்டு. விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். நம்மவர் சீட்டுள்ளதைக் கையிலெடுத்து, விலையைப் பார்த்து, மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சீட்டில்லாததை வாங்கி நடப்பர். நடக்கையில், “என்ன இருந்தாலும் சாணி எருவில் விளைந்ததன் ருசியே வேறு” என்று சொல்லிக்கொள்ளவும் தவறுவதில்லை. செலண்டார் வட்டாரத் தோட்டங்களில், லயங்களிலே பிறந்து வளர்ந்த முதியோரிடம் இவ்வபிப்பிராயம் ஆழ வேரூன்றியிருக்கிறது. அவர்கள் கூறுவது மெய்யா, அன்றிக் கழிந்த காலத்தின்பால் வைத்த பாசமா என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். பாட்டனார் சொன்னார் என்பதற்காக ஏற்கவும் வேண்டா. படித்தவர் சிரித்தார் என்பதற்காகத் தள்ளவும் வேண்டா. சான்று யாது என்று கேட்போம்.

எருவின் சரித்திரத்தை அறிய நாம் தூரதேசம் போகத் தேவையில்லை. நம் காலடி மண்ணே அதற்கு ஒரு நூல். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலாக்கா நாட்டுப்புறம் மரவள்ளிக்குப் பேர்போனது. சீனத் தவுக்கேமார் காட்டை வெட்டுவர். வெட்டிய காட்டையே விறகாக்கி மரவள்ளி மாவு காய்ச்சுவர். சில போகம் எடுத்ததும் மண் சாரமற்றுப் போகும். போனதும் அதைக் கைவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்வர். பின்னே எஞ்சியது லாலாங் புல். மண்ணிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத வியாபாரத்திற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி துரை ஊரூராகப் போய் இரப்பர் நடுமாறு வற்புறுத்தியபோது செவிசாய்த்தவர் மலாக்காவின் டான் சாய் யான். அவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் நட்டுப் பார்த்தார்; பின்னர், செலண்டாருக்கு அதிகத் தொலைவில்லாத புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். மலாயாவில் வியாபார நோக்குடன் போடப்பட்ட முதல் இரப்பர்த் தோட்டங்கள் இவையே.

அத்தோட்டங்களில் ஆரம்ப காலத்து விதி, மரத்தடியில் ஒரு புல்லும் நிற்கலாகாது என்பது. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வெயிலில் குனிந்து மண்ணைச் சலவைத் துணிபோல் வெறுமையாக்கினர். மழை வந்து மேல்மண்ணை அடித்துக்கொண்டு போயிற்று. அப்புறம் 1920-களிலும் 30-களிலும் துரைமார் கருத்து மாறியது. மண்ணை மூடவேண்டும் என்று சொல்லி, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பியூரேரியா, சென்ட்ரோசீமா போன்ற கொடிகளை விதைக்கச் செய்தனர். பறித்த கையும் நம்முடையது. விதைத்த கையும் நம்முடையது. அக்கொடிகள் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்குத் தருபவை. அதாவது, ‘இயற்கை எரு’ என்று இன்று பட்டணத்தார் புதுமையாகப் பேசுவது தோட்டத்துக்குப் பழைய சங்கதி. மூட்டை உரத்தின் கணக்கெழுதும் கிராணி வேலையில் இருப்பவனாகிய எனக்கு இவ்விஷயத்தில் சற்றுக் கூடுதலான ஆவல் உண்டு என்பதை மறைப்பானேன்?

மூட்டை உரம் பிறந்த கதை வேறு. ஜெர்மன் இரசாயன நிபுணர் லீபிக் 1840-இல் ஒரு நூல் வெளியிட்டார். செடி உண்பது மட்கிய குப்பையையன்று, அதிலுள்ள தாதுப்பொருள்களையே என்பது அந்நூலின் சாரம். 1842-இல் இங்கிலாந்தில் லாஸ் என்னும் நிலக்கிழார் பாஸ்பேட்டைக் கந்தகத் திராவகத்தில் கரைத்துச் செய்த உரத்திற்கு உரிமை பெற்றார். மறு ஆண்டே, கில்பர்ட் என்னும் இரசாயனியுடன் சேர்ந்து, ராதம்ஸ்டெட் என்ற தம் பண்ணையில் கோதுமை வயலைப் பாத்திகளாகப் பிரித்தார். ஒரு பாத்திக்குத் தொழுவெரு, சில பாத்திகளுக்கு இரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமில்லை. அச்சோதனை இன்றளவும் நிற்காமல் நடந்துவருகிறது. தொழுவெரு இட்ட பாத்தியும், முழு உரமிட்ட பாத்தியும் விளைச்சலில் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை என்பது அதன் பெரிய செய்தி. 1909-இல் ஹாபர் என்பார் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா ஆக்கிக் காட்ட, 1913-இல் போஷ் அதை ஆலைத் தொழிலாக்கினார். அன்று முதல் தழைச்சத்து மலிவுச் சரக்கு ஆயிற்று. தமிழ்நாட்டிலோ அதற்கு முன்பே, 1906-இல், இராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் செய்யத் தொடங்கிவிட்டது.

ருசியைப் பற்றிய வழக்கு இங்கேதான் பிறக்கிறது. விளைச்சல் சமம் என்றால், குணமும் சமந்தானா?

இக்கேள்விக்கு விடைதேடிய முதல் இடங்களுள் ஒன்று நம் தமிழ்நாடு என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் 1909-இல் நிரந்தர எருச் சோதனைப் பாத்திகள் அமைக்கப்பட்டன. தொழுவெருப் பாத்தி, உரப் பாத்தி, ஒன்றுமிடாத பாத்தி என்று ராதம்ஸ்டெட்டைப் பின்பற்றியே அவை வகுக்கப்பட்டன. குன்னூரிலோ, இந்திய மருத்துவச் சேவையைச் சேர்ந்த மெக்காரிசன் என்னும் ஐரிஷ் மருத்துவர் ஊட்டக்குறை நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். எலிகளுக்குப் பஞ்சாபியர் உணவு ஒரு கூண்டிலும் சென்னை மாகாணத்தார் உணவு வேறொரு கூண்டிலும் கொடுத்து, சென்னை உணவு தின்ற எலிகள் மெலிந்து நலிந்ததை உலகுக்குக் காட்டியவர் இவரே. (தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்த நம்மவருக்கு அது கசப்பான செய்தி, ஆயினும் பயனுள்ள செய்தி.) இவரும், கோயம்புத்தூரில் இரசாயனத் துறையிலிருந்த விசுவநாத் என்பாரும் சேர்ந்து, அப்பாத்திகளில் விளைந்த தானியங்களை ஆய்வுப் பிராணிகளுக்கு ஊட்டி, 1926-இல் முடிவை வெளியிட்டனர். தொழுவெருவில் விளைந்த தானியமே அதிக ஊட்டமுடையது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இம்முடிவு கடல்கடந்து பெரும் புகழ் பெற்றது. இங்கிலாந்தில் இயற்கை வேளாண்மைக்குப் பரிந்து பேசியோர் அதனை விடாமல் எடுத்துக்காட்டினர். அவர்களுள் தலையாயவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905-இல் இந்தியாவுக்கு அரசாங்கத் தாவர நிபுணராக வந்தவர். மனைவி கேப்ரியேலுடன் பூசாவிலும், குவெட்டாவில் பழமரங்களின் நடுவிலும் உழைத்தவர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, இலைதழை, சாணம், மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காய்ப் போட்டுக் கிளறிச் சுமார் மூன்று மாதத்தில் மட்கவைக்கும் ‘இந்தூர் முறை’யை வகுத்தவர். கற்பிக்க வந்த இடத்தில் குடியானவனையே தம் ஆசிரியன் என்று ஒப்புக்கொண்ட துரை அவர். அவருக்கு முன்னரே, 1889-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வோல்க்கர் என்பாரும், குடியானவனுக்குத் திறமையில் குறைவில்லை, வசதியிலேயே குறைவு என்னும் கருத்தைத் தம் 1893-ஆம் ஆண்டு அறிக்கையில் பதிந்துவைத்தார். சாணம் வயலுக்குப் போகாமல் அடுப்புக்குப் போவதையும் அவர் சுட்டிக்காட்டினார். விறகுக்கு வழிசெய்தாலன்றி எருவுக்கு வழியில்லை என்றார். ஹோவர்டின் பெருநூல் 1940-இல் வெளிவந்தது. ‘ஆர்கானிக்’ வேளாண்மை என்னும் பெயரும் அவ்வாண்டிலேயே நார்த்போர்ன் பிரபுவின் நூலால் பரவலாயிற்று.

ஆயின், நியாயமாகப் பேசுவோம். குன்னூரிலும் கோயம்புத்தூரிலும் அளக்கப்பட்டது பிராணிகளின் வளர்ச்சியே, ருசியன்று. எலி எதையும் இனிக்கிறது என்று சொல்லாது. மேலும், பின்னாளில் இங்கிலாந்தில் அதே கேள்வியை எழுப்பிச் சோதித்தவர்களுக்கு அத்தனை தெளிவான வேற்றுமை கிட்டவில்லை. ஹோவர்ட் மட்குரம் செய்யக் கற்றுக்கொடுத்தது உறுதியான தொண்டு. அதனால் விளைந்தது எல்லாவற்றிலும் மேலானது என்று அவர் முழங்கியதோ சான்றைவிட வேகமாக ஓடிய பேச்சு. பெரியோர் என்றால் அவர்கள் கூற்றுகளையெல்லாம் ஒரே மூட்டையாய்க் கட்டித் தலையில் வைத்துக்கொள்வது நம் நாட்டுப் பழக்கம். மூட்டையை அவிழ்த்துப் பிரித்துப் பார்ப்பதே நமக்கு நல்லது.

நாவைக்கொண்டே நடத்திய சோதனைகளுக்கு வருவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில், ரெகனால்ட் என்னும் மண்ணியல் பேராசிரியரும் அவர் கூட்டத்தாரும் 1994 முதல் 1999 வரை ஒரே தோட்டத்தில் ஒரே இன ஆப்பிளை மூன்று முறைகளில் வளர்த்தனர்: இயற்கை முறை, வழக்கமான முறை, இரண்டும் கலந்த முறை. இவ்விடத்தில் ‘ஒரே தோட்டம், ஒரே இனம்’ என்பதைக் கவனிக்க. பெரும்பாலான கடைப்பேச்சுகளில் இல்லாதது இதுவே. 2001-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, இயற்கை முறை ஆப்பிளில் புளிப்புக்கு எதிரே சர்க்கரையின் விகிதம் கூடியிருந்தது. எதுவென்று அறியாமல் தின்று பார்த்தவர்களும், பறித்த புதிதில் அது புளிப்புக் குறைந்தது என்றனர். ஆறு மாதம் பாதுகாத்து வைத்தபின் அதுவே இனிப்பு மிக்கது என்றனர்.

ஆகவே பாட்டி சொன்னது மெய் என்று கொண்டாடப் புறப்படுமுன் இரண்டாவது சோதனையையும் பாருங்கள். அதே பேராசிரியர் கூட்டம் கலிபோர்னியாவில் 13 இணைப் பண்ணைகளில் விளைந்த ஸ்ட்ராபெரிப் பழங்களை ஒப்பிட்டு 2010-இல் முடிவு வெளியிட்டது. கேமரன் மலைக்குப் போய்வந்தவர்கள் இப்பழத்தை அறிவார்கள். மூன்று இனங்கள் சோதிக்கப்பட்டன. டயமன்டே என்ற ஓர் இனத்தில் இயற்கைப் பழமே இனிப்பும் சுவையும் மிக்கது என்றனர் ருசிபார்த்தோர். மற்ற இரண்டு இனங்களிலும் வேற்றுமை தோன்றவில்லை. இயற்கைப் பழம் சற்றுச் சிறியது, உலர்பொருள் மிகுந்தது, கெடாமல் அதிக நாள் நின்றது. மூன்றாவது சோதனை கன்சாஸ் மாகாணத்தில் காய்கறிகளைக் கொண்டு நடந்து 2007-இல் வெளிவந்தது. கீரைகள், வெள்ளரி, வெங்காயம் ஆகியவற்றில் ஒன்றும் வேற்றுமையில்லை. தக்காளியில் மாத்திரம், உரம்போட்டு வளர்த்ததே சுவை மிக்கது என்றனர்! ஆனால் அந்தத் தக்காளி கூடுதலாகப் பழுத்திருந்தது என்பதையும் ஆராய்ச்சியாளர் எடுத்துச் சொல்லினர்.

இக்கடைசிச் செய்தி சிறியதுபோல் தோன்றினாலும் வழக்கின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. பழத்தின் சுவையை முடிவுசெய்வன பல. அவற்றுள் எரு ஒன்று, தலைமையானதன்று. முதலாவது இனம், அடுத்தது பழுத்த நிலை, பின் நிலமும் நீரும் வெயிலும். டுரியானை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் அது தானே விழும்வரை காத்திருந்து பொறுக்குகிறோம். தாய்லாந்தில் மரத்திலிருந்து அறுத்து இறக்குகின்றனர். இரண்டுக்குமுள்ள ருசிபேதம் ஊரறிந்தது. அதில் எருவின் பங்கு எங்கே? கிளந்தானின் குவா மூசாங்கில் புகழ்பெற்று 1993-இல் டி-197 என்று பதிவான மூசாங் கிங்கைப் பக்கத்து மரத்துக் காட்டுப் பழத்தோடு வைத்துத் தின்றால், இனம் என்பது என்ன செய்யும் என்பது ஒரே சுளையில் விளங்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு நேரான உதாரணம் விருப்பாட்சி மலைவாழை. பழனி மலைச்சாரலில், 2,000 அடி முதல் 5,000 அடி வரையுள்ள உயரத்தில், பெரும்பாலும் காப்பித் தோட்டங்களுக்கிடையே நிழலில் வளர்வது. பழம் சிறிது, நீர் குறைவு, மணம் மிகுதி. பழனிப் பஞ்சாமிருதம் நெடுநாள் கெடாமல் நிற்பதற்கு இந்த நீர்க்குறைவு ஒரு காரணம். பிரசாதத்தின் மகிமை என்று பக்தர்கள் போற்றுவதில் ஒரு பங்கு, மலைச்சரிவில் கன்று நட்ட குடியானவனுக்குச் சேரவேண்டியது. சமவெளியில் கொண்டுவந்து என்ன சாணம் போட்டாலும் அந்த மணம் வருவதில்லை. முடிக்கொத்து நோய் என்னும் நச்சுநோய் அம்மலைகளில் புகுந்து இவ்வாழையை ஏறக்குறைய அழித்தது. அதனை மீட்கத் திசு வளர்ப்புக் கன்றுகளைத் தேட வேண்டியதாயிற்று. 2008-இல் விருப்பாட்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது, பஞ்சாமிருதத்துக்கு 2019-இல்.

பழுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மவர் ‘உரத்தால் ருசி கெட்டது’ என்று பழிப்பவற்றுள் பாதிக்கு மேல் இதன் குற்றம் என்பது என் எண்ணம். வாழையும் மாவும் மரத்தில் முற்றும்போது மாச்சத்தைச் சேர்த்துவைக்கின்றன. பழுக்கும்போது அம்மாச்சத்து சர்க்கரையாகிறது. முற்றாததைப் பறித்தால் மாற்றுவதற்கே சரக்கில்லை. பழம் தன்னைத் தானே பழுக்கவைக்க எத்திலீன் என்னும் வாயுவை விடுகிறது என்பதை 1934-இல் கேன் என்பார் நிரூபித்தார். நம் ஊர்களில் வாழைத்தாரை அறையில் அடைத்துப் புகைமூட்டம் போட்டவர்கள் அதன் பெயரை அறியார், ஆயினும் புகையில் அவ்வாயு உண்டு, காரியம் நடந்தது. இன்றைய அவசர வியாபாரியோ கார்பைட் கல்லைக் காகிதத்தில் பொதிந்து கூடைக்குள் வைக்கிறான். ஈரம் பட்டதும் அசெட்டிலீன் கிளம்புகிறது. தோல் ஒரே நாளில் மஞ்சளாகிறது. உள்ளே முற்றாத காய் முற்றாத காயாகவே இருக்கிறது. அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்திருப்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் 2011-இல் அதனைப் பழத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று தடுத்தன. கார்பைட்டில் மஞ்சளான பழத்தைத் தின்று முகஞ்சுளித்துவிட்டு, “யூரியா போட்டது” என்று யூரியாவைத் திட்டுவது, களவு போனதற்கு அடுத்த வீட்டு நாயை அடிப்பதை ஒக்கும்.

யூரியாவுக்கு வக்காலத்து வாங்குவதாக வாசகர் எண்ணலாகாது. தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் இலை கொழிக்கும், காய் பருக்கும், நீர் ஏறும், சுவை நீர்த்துப்போகும். சாம்பல்சத்து போதாவிட்டால் இனிப்பும் குறையும். மெதுவாக மட்கி மெதுவாகக் கொடுக்கும் தொழுவெருவில் இம்மீறல் நேர்வது குறைவு. பழம் சிறுத்துச் சுவை திரளுவதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான். ஆனால் அளவறிந்து இட்ட மூட்டை உரத்தால் இனிய பழம் விளையாது என்பதற்குச் சான்றில்லை. தக்காளியின் சுவை கெட்டதற்கு உரத்தைக் காரணம் காட்டி வந்தனர். 2012-இல் விஞ்ஞானிகள் வேறொன்றைக் கண்டனர். கடைக்கு அழகாக எல்லாம் ஒன்றுபோல் சிவக்க வேண்டுமென்று சுமார் எழுபது ஆண்டுகளாக உழவியலார் தெரிந்தெடுத்த ஒரு மரபணு மாற்றமே, காயில் சர்க்கரை சேர்வதைக் குறைத்துவிட்டதாம். கண்ணுக்கு வாங்கி நாவுக்கு இழந்தோம்.

கண் நாவை ஏமாற்றும் விதம் இன்னும் விந்தையானது. சுவீடனில் 2013-இல் வெளியான ஒரு சோதனையில், ஒரே காப்பியை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்று இயற்கைக்குக் கேடின்றி விளைந்தது என்றும் மற்றது அப்படியன்று என்றும் சொல்லிக் குடிக்கக் கொடுத்தனர். இயற்கையின்பால் பற்றுள்ளோர் முதலாவதே ருசி என்றனர். அவர்கள் பொய்யர் அல்லர். அவர்களுக்கு அது உண்மையாகவே ருசித்தது. சீட்டு நாவின் மேல் உட்காரும் விதம் அது. நம் வீடுகளில் “ஊரிலிருந்து வந்த மாம்பழம்” என்றதும் கூடும் இனிப்பும் இவ்வகையே.

இதற்கு மருந்து கண்டவர், ஆச்சரியமாக, அதே ராதம்ஸ்டெட் பண்ணையிலிருந்த கணக்கு நிபுணர் பிஷர். பால் முதலில் ஊற்றிய தேநீரையும் தேயிலைச் சாறு முதலில் ஊற்றிய தேநீரையும் குடித்தே பிரித்துச் சொல்லுவேன் என்று அங்கே ஒரு மாது சொன்னாராம். பிஷர் வாதாடவில்லை, எட்டுக் கோப்பை வைத்தார். நான்கு ஒருவிதம், நான்கு மற்றொருவிதம், வரிசை கலைந்தது. 1935-இல் வெளிவந்த தம் நூலில் இச்சோதனையையே ஆராய்ச்சி முறைக்கு அடிப்படை உதாரணமாக வைத்தார். எட்டில் நான்கைத் தெரிந்தெடுக்க 70 வழிகள் உண்டு. குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக அமைவது எழுபதில் ஒரு தடவைதான். ஆகவே ஒருவர் எட்டையும் சரியாகச் சொன்னால் அவர் நாவை நம்பலாம். அம்மாது வென்றாரா என்பதை நூலில் அவர் எழுதவில்லை. வாசகர்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்: ஒரே இனப் பப்பாளி, ஒரே அளவு பழுத்தது, எட்டுத் துண்டு, தோல் நீக்கி, கண்ணைக் கட்டி, அறுத்தவர் வேறு, கொடுப்பவர் வேறு. செலவு ஒரு பழத்தின் விலைதான். ஒரு மாலைப்பொழுதில் வீட்டுச் சண்டை பல தீரும். சில புதிதாய்த் தோன்றவும் கூடும்.

ருசிக் கேள்விக்கு விடை இவ்வளவே: சில இனங்களில், சில நிலங்களில், இயற்கைப் பழம் மேல்; பலவற்றில் சமம். ஊட்டத்தைப் பற்றியும் இதே இழுபறி. 2012-இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்து, ஊட்டத்தில் பெரிய வேற்றுமைக்குச் சான்றில்லை என்றனர். 2014-இல் 343 வெளியீடுகளைத் திரட்டிய மற்றொரு கூட்டத்தார், இயற்கை விளைச்சலில் சில நற்பொருள்கள் கூடுதல், காட்மியம் குறைவு என்றனர். ஒன்றில் இருசாராரும் ஒத்துப்போயினர். பூச்சிமருந்தின் மிச்சம், வழக்கமான விளைச்சலில்தான் அதிகம் தென்படுகிறது.

மருந்து என்றதும் தோட்டத்தார் நாம் பழத்தை மறந்து வேறொன்றை நினைப்போம். முதுகில் தொட்டியைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். வெயிலில் முகமூடி போட முடியாது, கையுறை கிழிந்திருக்கும், எச்சரிக்கை வாசகம் அவர்கள் படிக்காத மொழியில் இருக்கும். நகம் கறுத்து உதிர்வதும், மூக்கில் இரத்தம் வருவதும், கண் எரிவதும் லயத்தில் அன்றாடப் பேச்சு. தெனாகனிதா என்னும் அமைப்பு ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்புடன் சேர்ந்து இப்பெண்களை விசாரித்து 2002-இல் அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே மலேசிய அரசாங்கம் பேராகுவாட் என்னும் களைக்கொல்லிக்குத் தடை அறிவித்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. இடையில் கழிந்தவை 18 ஆண்டுகள். அவ்வாண்டுகளில் தொட்டி சுமந்தவர்களை எந்த ருசிப் பரீட்சையிலும் உட்காரவைக்கவில்லை. பட்டணத்தில் சீட்டுள்ள பழத்தை வாங்குவோர் தம் நாவுக்கும் பிள்ளைக்குட்டிகளின் உடலுக்கும் என்றே வாங்குகின்றனர். அந்தக் கூடுதல் விலைக்கு என் கணக்கில் அதைவிட வலுவான நியாயம், மருந்தடிக்காத நிலத்தில் வேலைசெய்தவரின் நுரையீரல். இயற்கை முறையிலும் செப்பு உப்பு போன்ற சில மருந்துகளுக்கு அனுமதி உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சீட்டுக்கு ஒழுங்கு ஏற்பட்டது அண்மையில்தான். மலேசியாவில் இயற்கை விளைபொருளுக்கு எம்.எஸ். 1529 என்னும் தரநிர்ணயம் 2001-இல் வந்தது. அதன்படி விவசாய இலாகா சான்றளிக்கும் திட்டம் பின்தொடர்ந்தது. இப்போது அதற்கு ‘மைஆர்கானிக்’ என்று பெயர். அச்சின்னம் இல்லாமல் பச்சை எழுத்தில் எழுதப்பட்ட ‘இயற்கை’ என்ற சொல் வியாபாரியின் கைச்சரக்கு.

கட்டளையால் இயற்கை வேளாண்மை நடத்தப் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை உதாரணம். 2021 மத்தியில் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடுத்தது, நவம்பரில் பின்வாங்கியது. அதற்குள் நெல் விளைச்சல் விழுந்தது. 2021-இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, பணநெருக்கடியும் சேர்ந்துகொண்ட 2022-இல் சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. அங்கே கொழுந்தின் நிறைக்குக் கூலி வாங்குவோர் மலையகத் தமிழர். கொழுந்து குறைந்தால் யார் வீட்டு உலை குறையும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. மண் மெதுவாகவே திருந்தும். ஹோவர்டின் குவியலே மூன்று மாதம் கேட்கிறது.

இனி, லயத்து முதியோரின் பப்பாளிக்குத் திரும்புவோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. லயத்தின் பின்புறம், மாட்டுக்கொட்டகைக்கும் கிணற்றுக்கும் இடையில், ஒரு பப்பாளி, இரண்டு வாழை, ஒரு முருங்கை, வேலியில் ஒரு கொடி என்று வைத்துக்கொண்டார்கள். நிலம் தோட்டத்தினுடையது, மரம் அவர்களுடையது. சாணமும் சாம்பலும் அரிசி கழுவிய நீரும் அதற்கு ஊற்றப்பட்டன. ஆனால் அப்பழம் இனித்ததற்குப் பெரிய காரணம், அது மரத்திலேயே பழுத்தது. பழுத்த அன்றே பறிக்கப்பட்டது. பறித்த இடத்திலிருந்து அடுப்பங்கரை பத்து அடி. எந்தச் சான்றிதழும் இந்தப் பத்தடியை அளப்பதில்லை. தோட்டங்கள் கைமாறி, இரப்பர் அழிந்து செம்பனையாகி, பல இடங்களில் வீட்டு மனைகளாகவும் ஆனபோது, குடும்பங்கள் பட்டணத்து மாடிவீடுகளுக்குப் பெயர்ந்தன. நட்டஈடு பேசியவர்கள் சேவைக்காலத்தைக் கணக்கிட்டனர். வீட்டையும் சில இடங்களில் கணக்கிட்டனர். பின்புறத்து மரங்கள் கணக்கில் வரவில்லை. நான்காவது மாடியில் குடியிருக்கும் ஒரு பாட்டி இன்று எண்ணெய் டின்னில் மண் நிரப்பி மிளகாய்ச்செடி வைத்திருக்கிறார். பப்பாளிக்கு டின் போதாது.